ஆயுளை நீட்டும் அரிசி

எங்கள் ஊரில் மூடிக் கிடந்த பழைய சினிமா தியேட்டருக்குத் திடீரென்று யோகம் அடித்தது. கடைசிப் படம் ஓடியபோது பார்க்க வந்தவர்களைவிட நாற்காலியில் இருந்த மூட்டைப்பூச்சிகள் அதிகம். இப்போதோ ஞாயிற்றுக்கிழமை விடிந்ததுமே வாசலில் டிக்கெட்டுக்கு வரிசை நிற்கிறது. காரில் வருகிறார்கள், சக்கர நாற்காலியில் வருகிறார்கள், கம்பு ஊன்றி வருகிறார்கள். ஒரு நோயும் இல்லாதவர்கள்கூட "எதுக்கும் இருக்கட்டும்" என்று வந்து நிற்கிறார்கள். உள்ளே படம் ஓடவில்லை. சோறு போடுகிறார்கள்.

சாதாரணச் சோறு என்று நினைத்துவிடாதீர்கள். மணக்க மணக்க, விரல் நீளத்துக்கு வெந்த பாசுமதிச் சோறு. அதில் ஐந்து வாய் சாப்பிட்டால் சர்க்கரை நோய் இறங்கிவிடுமாம். இறங்குவதை மெஷின் வைத்து, கேமரா வைத்து, பெரிய திரையிலேயே காட்டுகிறார் ஒருவர்.

அவரை நீளாயுள் ஐயா என்று அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று யாரும் கேட்கவில்லை. மேலே வெள்ளைக் கோட்டு, உள்ளே தரையைக் கூட்டும் பட்டு அங்கி. கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பும் மணிமாலையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். மருத்துவம் படித்தீர்களா என்று கேட்டால் "நான் ஞானி" என்பார். ஞானத்தைப் பற்றி ஏதாவது கேட்டால் "நான் விஞ்ஞானி" என்பார். வயது எண்பது என்று அவரே சொன்னார். பார்க்க நாற்பதுதான் இருக்கும். அதுவும் அரிசியின் மகிமையாம்.

அவருடைய தத்துவம் ரொம்ப எளிமையானது. குழந்தைக்கும் புரியும். குழந்தைதான் நம்பாது.

"பாசுமதியை வேகவெச்சா என்ன ஆகும்?" என்று மேடையில் நின்று கேட்பார்.

"நீளும்" என்று கூட்டம் சொல்லும்.

"அரிசி மட்டுமா நீளும்?"

கூட்டம் ஒரு கணம் யோசிக்கும். அங்கே யோசிப்பது அந்த ஒரு கணம்தான். பிறகு "ஆயுளும் நீளும்" என்று கூரை அதிரச் சொல்லும்.

ஆக, நீள அரிசி சாப்பிட்டால் நீண்ட ஆயுள், குட்டை அரிசி சாப்பிட்டால் குட்டை ஆயுள். பூசணிக்காய் சாப்பிட்டால் என்ன ஆவோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அரிசிப் பொட்டலத்தின் மேல் "மணத்தில் புரதம், நீளத்தில் ஆயுள், வெண்மையில் சுத்த ரத்தம்" என்று தங்க எழுத்தில் அச்சடித்திருந்தது. கடையில் விற்கும் அதே அரிசிதான். பொட்டலத்தில் ஐயாவின் புன்னகை கூடுதல். விலையில் அந்தப் புன்னகையும் சேர்த்தி.

நான் ஒரு மருந்துக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளை வெளேரென்று தீட்டிய பாசுமதியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. கொஞ்சம் புரதம் உண்டு. நார்ச்சத்தும் வைட்டமினும் தவிட்டோடு போய்விட்டதால் பேருக்குத்தான் மிச்சம். மணம் மூக்குக்கு நல்லது, அதைத் தாண்டி அது எந்த வேலைக்கும் போவதில்லை. வேறு சில அரிசிகளைவிட இந்த மாவு சற்று மெதுவாகச் சர்க்கரையாக மாறும் என்பது உண்மை. ஐயா அந்த ஒரு சொட்டு உண்மையை எடுத்து ஒரு குடம் தண்ணீரில் கலந்து ஊருக்கே ஊற்றிக்கொண்டிருந்தார். மெதுவாக வந்து மோதினாலும் லாரி லாரிதான் என்பதை மட்டும் சொல்ல மறந்துவிட்டார்.

இதெல்லாம் ஊர்க்கதையாக இருந்தவரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருநாள் அந்த வரிசையில் என் அக்கா வீட்டுக்காரர் நிற்பதைப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

அத்தான் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். ஊரில் பல பேருடைய கையும் காலும் இன்று ஒழுங்காக இருப்பதற்கு அந்த பிரேக்கின் மேல் இருந்த அவருடைய வலது கால்தான் காரணம். அவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. கொஞ்ச நாளாகப் பாதத்தில் உணர்ச்சி குறைந்து வந்தது. ஒருநாள் வலது ஷூவுக்குள் ஒரு சின்னக் கல் விழுந்து கிடந்தது தெரியாமலே நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டார். சாயங்காலம் கழற்றினால் சாக்ஸ் முழுக்க ரத்தம். பெருவிரலில் விழுந்த அந்தப் புண் ஆறவே இல்லை.

டாக்டர் பார்த்துவிட்டு நேராகவே சொன்னார். "மாத்திரை பத்தாது. இன்சுலின் போட்டுக்கணும், சோத்தைக் குறைக்கணும். சர்க்கரை இறங்கலன்னா விரல் போயிடும். அதுக்கப்புறம் காலைப் பத்திப் பேச வேண்டி வரும்."

அத்தானுக்கு ஊசி என்றால் பயம், சோறு என்றால் உயிர். இந்த இரண்டுக்கும் நடுவில் நீளாயுள் ஐயா வந்து நின்றார். "ஊசி வேணாம், மாத்திரை வேணாம், வயிறு நிறைய சோறு சாப்பிடு" என்று ஒருத்தர் கோட்டுப் போட்டுக்கொண்டு சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? என் கடைக்கு மாதா மாதம் வந்து வாங்கிய மாத்திரையை அத்தான் நிறுத்திவிட்டார். "வேற கடையில வாங்கிட்டேன்" என்று என்னிடமே சொன்னார். நானும் நம்பினேன். நம்புவதில் எங்கள் குடும்பம் யாருக்கும் சளைத்ததில்லை.

அக்கா ஒருத்திதான் விதிவிலக்கு. அக்காவுக்கு நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவில் வேலை. "ஆயுள் நீளுதுன்னா எங்க ஆபீஸ்ல இறப்பு ஜன்னல்லயாவது கூட்டம் குறையணுமே. குறைஞ்ச மாதிரி தெரியலையே" என்று ஆரம்பத்திலேயே சொன்னாள். அத்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவரை வரிசையில் பார்த்த அன்று மத்தியானம் நான் அவர்கள் வீட்டுச் சமையலறையில் இருந்தேன். அத்தான் தியேட்டரிலிருந்து திரும்பி வந்தார். நொண்டிக்கொண்டுதான் வந்தார், ஆனால் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

"நானூத்தி எண்பதுல இருந்து இருநூத்தி எழுபது. அஞ்சே வாய் சோறு. திரையில எல்லாரும் பாத்தாங்க" என்றார்.

அக்கா தட்டு துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "காலையில நீங்க கிளம்பறப்போ நம்ம மெஷின்ல பாத்தோமே, எவ்வளவு இருந்துது?"

"இருநூத்தி அறுபத்தஞ்சு."

"அங்க போனதும் நானூத்தி எண்பதா? வழியில என்ன சாப்பிட்டீங்க?"

"பச்சத் தண்ணி குடிக்கல. வெறும் வயித்தோட வரணும்னு விதி இருக்கு."

"அப்போ இருநூத்தி அறுபத்தஞ்சோட போயி இருநூத்தி எழுபதோட வந்திருக்கீங்க. இதுக்கு எதுக்கு டிக்கெட்டு?"

அத்தான் சமாளித்தார். "நம்ம வீட்டு மெஷின் மட்டம். அங்க பெரிய திரையில காட்டறாங்க."

பெரிய திரையில் தெரிந்தால் பெரிய உண்மை. அத்தானை நான் தனியாகக் குறை சொல்ல மாட்டேன். ஊரே அப்படித்தான் நினைத்தது.

அக்கா விடவில்லை. "வாசல்ல இருந்து மேடை வரைக்கும் என்னென்ன செய்வீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க."

அத்தான் பக்தியோடு சொன்னார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். வலது உள்ளங்கையில் ஒரு பழுத்த திராட்சை வைப்பார்கள். நோயை மனசில் நினைத்துக்கொண்டு அதைக் கசக்கிப் பிழிந்து, விரலெல்லாம் படும்படி மூடிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். நோய் முழுவதும் வலது கைக்கு இறங்கி வந்துவிடும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு காகிதம் கொடுப்பார்கள், அதில் துடைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் வலது கை விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். பிறகு வாசனை அரிசி களைந்த வெந்நீரில் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ஐந்து வாய் சாப்பிட வேண்டும். கண்ணை மூடி "நீள்க, நீள்க" என்று சொல்ல வேண்டும். உடனே அதே கையில் இரண்டாவது குத்து.

"திராட்சை கசக்கின கையை மொத குத்துக்கு முன்னாடி கழுவ மாட்டீங்களா?" என்று அக்கா கேட்டாள்.

"கழுவக் கூடாது. கழுவினா நோய் எப்படித் தெரியும்?"

"அதானே" என்றாள் அக்கா. துடைத்த தட்டை அடுக்கில் வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் கிளம்பினாள். வீட்டிலேயே இரண்டு கையையும் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, இடது கையில் மட்டும் சுத்தமான பிளாஸ்டிக் உறை ஒன்றை மாட்டிக்கொண்டாள். கைப்பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் சோப்பும் போட்டுக்கொண்டாள். மனைவிக்கு நம்பிக்கை வந்துவிட்டது என்று அத்தானுக்கு ஒரே சந்தோஷம். நான்தான் இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசலில் திராட்சை கொடுத்த தொண்டர் உறையைப் பார்த்து, "கைக்கு என்னம்மா?" என்றார்.

"வெயில் ஆகாது" என்றாள் அக்கா. தியேட்டருக்குள் எங்கே வெயில் என்று அவருக்குத் தோன்றவில்லை. அங்கே வேலைக்கு எடுக்கும்போதே அப்படிப் பார்த்துத்தான் எடுத்திருப்பார்கள் போலிருக்கிறது.

அக்கா வலது கையில் திராட்சையைக் கசக்கினாள். வரிசை நகர்ந்தது. கழிவறைப் பக்கம் பார்த்தேன், குழாய்க்கெல்லாம் பூட்டு. எங்கள் முறை வந்தபோது அக்கா அத்தானைப் பின்னால் தள்ளிவிட்டு முதலில் மேடை ஏறினாள். நர்ஸ் உடுப்புப் போட்ட ஒரு பெண் வலது கை விரலில் குத்தினாள். திரையில் எண் வந்தது. நானூற்று முப்பத்தெட்டு.

கூட்டம் "ப்ச்" என்று பரிதாபப்பட்டது. ஐயா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இந்த அளவை வெச்சுக்கிட்டு நீங்க நடந்து வந்ததே அதிசயம்."

"அப்படிங்களா? எனக்குச் சர்க்கரையே இல்லைன்னு டாக்டர் சொன்னாரே."

"டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம மெஷின் பொய் சொல்லாது."

"ரொம்ப சந்தோஷம். அந்தப் பொய் சொல்லாத மெஷின்ல இந்தக் கையையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று அக்கா இடது கையின் உறையைக் கழற்றினாள்.

ஐயா சிரித்தார். "எதுக்கும்மா? ரத்தம் ஒண்ணுதானே?"

"ரத்தம் ஒண்ணுதாங்க. அதனாலதான் கேக்கறேன்."

ஐயாவின் சிரிப்பு பாதியில் நின்றது. இடது கையில் எதிர்மறை ஆற்றல் இருக்கிறது, அதைத் தொட்டால் மெஷின் கெட்டுவிடும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். அவரைக் கவிழ்த்தது நாத்திகன் இல்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த அவருடைய பரம பக்தர் ஒருவர். அவர் எழுந்து, "எதிர்மறைன்னா இன்னும் கூடத்தானே காட்டும் ஐயா? காட்டட்டும். அப்புறம் நீங்க இறக்கினா உங்க மகிமை இன்னும் பெருசாத் தெரியும்" என்றார். கூட்டம் கை தட்டியது. பக்தியிலிருந்து தப்பிக்க ஐயாவிடம் மந்திரம் எதுவும் இல்லை.

நர்ஸ் உடுப்புப் பெண் இடது விரலில் குத்தினாள். திரையில் தொண்ணூற்று நான்கு என்று வந்தது.

பின்வரிசையில் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அக்கா கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "ஒரே ஆளு. ஒரே நிமிஷம். வலது கைக்குச் சாகக் கிடக்கிற நோய், இடது கைக்கு ஒண்ணுமே இல்ல. இப்போ எந்தக் கைக்குச் சோறு போடப் போறீங்க ஐயா?"

"மெஷின்ல கோளாறு" என்றார் ஐயா.

"இதுவரைக்கும் சோறு சாப்பிட்டு எல்லாருக்கும் இறங்குச்சே, அதுவும் கோளாறுதானா?"

பதிலுக்குக் காத்திராமல் பாட்டிலையும் சோப்பையும் எடுத்து, மேடை ஓரத்திலேயே வலது கையைக் கழுவித் துடைத்தாள். "இப்போ குத்துங்க" என்று அந்தப் பெண்ணிடம் நீட்டினாள். தொண்ணூற்று ஏழு.

"நான் ஒரு வாய் சோறுகூடச் சாப்பிடல. நீள்கன்னும் சொல்லல. கை கழுவினேன், அவ்வளவுதான். உங்க ரத்தத்துல இருந்து எதுவும் இறங்கல. விரல்ல ஒட்டியிருந்த திராட்சைச் சாறுதான் இறங்குச்சு. உள்ள போன சோறு ரத்தத்துல ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அது ஏறுறதுக்குள்ள ரெண்டாவது குத்து குத்தி வீட்டுக்கு அனுப்பிடறாங்க. ஏறினதைப் பாக்க வேண்டியவங்க உங்க வீட்டுல இருக்கிறவங்க."

அப்போது ஆஜானுபாகுவான ஒரு லாரி டிரைவர் மேடை ஏறினார். அவர் கையிலும் திராட்சை இருந்தது. "மூணு வேளையும் இதே சோறு சாப்பிடற உடம்பாச்சே, ஐயாவுக்கும் பாத்துடுவோம்" என்று திராட்சையை நீட்டினார்.

"எனக்குத் திராட்சை வேணாம்" என்று ஐயா இரண்டடி பின்வாங்கினார்.

வேண்டாம் என்று சொன்னாரே, அங்கேதான் பாதிக் கூட்டத்துக்கு வெளிச்சம் அடித்தது. லாரி டிரைவர் ஐயாவின் வலது கையைப் பிரித்து, திராட்சையை வைத்து, தன் கையால் மூடி அழுத்தினார். குத்தினார்கள். இந்தமுறை எண்ணே வரவில்லை. என்னால் அளக்க முடியாது என்று மெஷின் கை விரித்துவிட்டது.

"ஐயா, சீக்கிரம் அஞ்சு வாய் சாப்பிடுங்க, ஆயுள் சுருங்குது" என்று எங்கிருந்தோ ஒரு பெண்குரல் வந்தது. தியேட்டர் சிரித்தது. பணம் கொடுத்து ஏமாந்தவர்களின் சிரிப்பு வெகுநேரம் சிரிப்பாகவே இருக்காது. நாற்காலிகள் நகர ஆரம்பித்தன. எண்பது வயது ஐயா படம் ஓட்டும் ஆபரேட்டர் அறைப் படிக்கட்டில் இருபது வயதுப் பையனைப் போல ஏறி ஓடினார். அந்த அறைக்கு வேறு வழி கிடையாது. போலீஸ் வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை அங்கேயே ஆயுளை நீட்டிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரு கனவான் வாசலில் அடுக்கியிருந்த அரிசிப் பொட்டலங்களில் இரண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். என்னைப் பார்த்து, "திராட்சையிலதானே தப்பு? அரிசியில ஒண்ணும் இல்லையே" என்றார்.

நான் அத்தானைத் தேடினேன். அவர் வரிசையில் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மூடிய கையை மெதுவாகத் திறந்து பார்த்தார். உள்ளங்கையில் நசுங்கிய ஒரு திராட்சைத் தோல். மாத்திரை இல்லாமல் வயிறு நிறையச் சோறு சாப்பிட்ட நாட்கள் எல்லாம் அப்போதுதான் அவருக்குக் கணக்கில் வந்திருக்க வேண்டும். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது.

அக்கா கீழே இறங்கி வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"கையக் கழுவுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள்.

டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். விரல் கறுத்துவிட்டிருந்தது. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். காலைக் காப்பாற்றிவிட்டார்கள். பெருவிரலைக் காப்பாற்ற முடியவில்லை. இனி பயிற்சிக் காரில் பிரேக் பக்கம் உட்கார முடியாது, வகுப்பறையில் சாலை விதி சொல்லிக்கொடுக்கலாம் என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லிவிட்டார்கள்.

வார்டில் அத்தானுக்கு இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள். எறும்பு கடித்த மாதிரிகூட இல்லை என்று அவரே வெட்கத்தோடு சொன்னார். சாப்பாட்டில் சோறும் உண்டு, அளவாக. நீளமா குட்டையா என்று அவர் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் கால் புண். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் கேட்டிருக்கிறார். எட்டிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி அத்தானைக் கேட்டார்.

"அண்ணே, ஏதோ அரிசின்னு பேசிக்கிட்டீங்களே. சர்க்கரைக்கு நல்லதாமே. எங்க கிடைக்கும்?"

அத்தான் கட்டுப் போட்ட காலைப் பார்த்தார்.

"அரிசி எந்தக் கடையிலயும் கிடைக்கும் தம்பி. விரல்தான் எங்கயும் கிடைக்காது" என்றார்.

என் அத்தானுக்குப் புத்தி வர ஒரு விரல் செலவானது. உங்கள் காலில் பத்தும் இருந்தால் நல்லது. அவை இருக்கும்போதே யோசித்துப் பாருங்கள். அதற்கு யாரும் டிக்கெட் கேட்க மாட்டார்கள்.